பாம் வேலி, மெரீனி சாலை, கிங்ஸ் கேன்யன்: ஐந்து நாள் போதுமா?

வாசகர் கேள்வி: "அடுத்த ஜூலை பள்ளி விடுமுறையில் நடு ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் கேம்பிங் போகிறோம். நான், மனைவி, இரண்டு பையன்கள், ஊரிலிருந்து வரும் அம்மா. ஆர்மிஸ்டன், சாண்டர் மலை, பாம் வேலி, மெரீனி வழியாக கிங்ஸ் கேன்யன், எல்லாம் ஐந்து நாள் என்று கணக்கு போட்டிருக்கிறேன். நல்ல ஃபோர் வீல் டிரைவ் வாங்கிவிட்டேன், அதனால் கவலை இல்லை. சரிதானே?"

2023 ஆகஸ்ட் 5, இரவு

சரியில்லை. வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, நாள் கணக்கைச் சொல்கிறேன்.

நானும் கணவரும் இரண்டு மகள்களும் ஊரிலிருந்து வந்திருந்த அத்தையும் இந்த ஜூலையில்தான் அடிலெய்டிலிருந்து இதே பாதையில் போய்விட்டு வந்தோம். ஆலிஸுக்கு மேற்கே மட்டும் ஒன்பது நாள். அதுவும் போதவில்லை என்றுதான் திரும்பினோம். வரைபடத்தில் ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர்தான் இருக்கும். அதைப் பார்த்து நெடுஞ்சாலைக் கணக்குப் போட்டுவிடுகிறோம். பாம் வேலிக்கு ஹெர்மன்ஸ்பர்க் என்ற ஊர்ப் பக்கத்தில் பிரியும் பாதை சுமார் 20 கிலோமீட்டர்தான். அதில் பாதி, ஃபிங்க் ஆற்றின் காய்ந்த படுகையை ஒட்டியும் அதற்குள்ளேயும் போகும். மணல், உருண்டைக்கல், கடைசி நான்கு கிலோமீட்டர் படிக்கட்டு மாதிரி பாறை. அந்த 20 கிலோமீட்டருக்கு எங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. எங்கும் சிக்காமல் போயே அவ்வளவு நேரம்.

அப்புறம், அம்மா வருகிறார்கள் என்கிறீர்கள். ஒவ்வொரு இரவும் கூடாரத்தைப் பிரித்து, மறுநாள் காலையில் சுருட்டினால் மூன்றாம் நாளே எல்லோருக்கும் சலித்துவிடும். ஓர் இடத்தில் இரண்டு இரவு தங்குங்கள். இரண்டாவது நாள்தான் இடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிறது.

மெரீனி மண் சாலையில் ஒரு டயர் போனது. கூரான கல். அதை அப்புறம் எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 6, காலை

ஒன்று விட்டுப்போனது. மெரீனி சாலை பழங்குடி மக்களின் நிலம் வழியாகப் போகிறது. அதற்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சில டாலர்தான், ஆலிஸிலும் ஹெர்மன்ஸ்பர்க்கிலும் கொடுக்கிறார்கள். வழியில் கூடாரம் போடக்கூடாது. இது தவிர, வெளி மாநிலத்துக்காரர்களுக்கு 2023 ஏப்ரலிலிருந்து, ஆலிஸ் இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் (நார்தர்ன் டெரிட்டரி) பூங்காக்களுக்குத் தனிப் பாஸ் உண்டு. கேம்ப் இடங்களையும் இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். ஜூலை என்றால் சீக்கிரமே நிரம்பிவிடும்.

2023 ஆகஸ்ட் 8

ரோடு மோசம் என்றால் என்ன அர்த்தம் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். குழியெல்லாம் இல்லை. சாலை முழுக்கத் தகரக் கூரை மாதிரி அலை அலையாக இருக்கும். தளர்ந்த மண்மேல் சக்கரங்கள் வேகமாக ஓடும்போது ஒரு சின்ன மேட்டில் துள்ளி, விழுகிற இடத்தில் பள்ளம் பறித்து, அடுத்த மேட்டை உண்டாக்கிவிடும். நூறு வண்டி போனால் சாலை முழுக்க அப்படித்தான். வண்டியின் கனமோ சாலையின் தரமோ மட்டும் காரணமில்லை. வேகம்தான் அதை உண்டாக்குகிறது.

அந்த அதிர்வில் எது எதெல்லாம் கழன்றது என்று சொல்கிறேன்: மேல் கேரியரின் இரண்டு போல்ட், கண்ணாடி டம்ளர்கள் எல்லாம், மிளகாய்ப்பொடி டப்பாவின் மூடி. சின்னவளின் ஸ்லீப்பிங் பேக் சாம்பார் வாசனையோடுதான் வீட்டுக்கு வந்தது, இன்னும் போகவில்லை. இதெல்லாம் பரவாயில்லை. பரவாயில்லை என்று விடமுடியாத ஒன்று தண்ணீர் கேன். நாற்பது லிட்டரையும் ஒரே கேனில் வைத்திருந்தோம். பின்னால் ஒரு போல்ட் தலை அதன் அடியில் உரசி உரசி ஓட்டை போட்டுவிட்டது. ட்னோராலா என்ற மலைப்பக்கம் போய் வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தால் செம்மண் சேறு. பாதித் தண்ணீர் போயிருந்தது. ஹெர்மன்ஸ்பர்க் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்ததால் பிழைத்தோம். அதே ஓட்டை மெரீனி நடுவில் விழுந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இரண்டு நாள் போகவில்லை. நான்கு பத்து லிட்டர் கேன்களாகப் பிரித்து, அடியில் பழைய சாக்கைப் போட்டு வையுங்கள்.

2023 ஆகஸ்ட் 9, இரவு

டயர் விஷயம். 5ஆம் தேதி கூரான கல் என்று எழுதினேன். என் கணவர் படித்துவிட்டு, "முழுசா எழுது, இல்லன்னா அடுத்தவங்களும் அதையே பண்ணுவாங்க" என்றார். அவர் சொல்வது நியாயம்.

மண் சாலையில் ஏறும்போது காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். நாங்களும் 38லிருந்து 26 பிஎஸ்ஐக்கு இறக்கினோம். காற்று குறைந்தால் டயர் நீளமாகப் பதியும், கல்லைக் குத்தாமல் அணைத்துப் போகும், அதிர்வும் குறையும். இது வரைக்கும் சரி. ஆனால் காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். தளர்ந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிந்து சூடேறுகிறது. அன்று வண்டியில் முழு டேங்க் டீசல், ஐந்து பேர், மேலே கேரியர். ஓட்டியது நான். அலைமேல் மிதக்கிற மாதிரி சுகமாக இருக்கிறதே என்று 90ல் போனேன். பின்பக்க இடது டயர் கிழிந்து, ஓரம் வட்டமாக அறுந்து போய்விட்டது. கல்லும் பட்டிருக்கலாம். ஆனால் அந்தச் சூடு இல்லாமல் இருந்தால் கல் அதை அப்படிக் கிழித்திருக்காது.

அதற்குப் பிறகு 60, 70க்கு மேல் போகவில்லை. இரண்டு ஸ்டெப்னி இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒன்றைப் போட்ட பிறகு, மிச்ச வழியெல்லாம் ஒன்றாவது கையிருப்பில் இருக்கிறது என்ற தைரியம் வேண்டும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை எடுத்துப் போங்கள். மணலில் ஜாக்கி ஏறாது, தான் இறங்கும்.

அதனால்தான் ஐந்து நாள் வேண்டாம் என்கிறேன். ஐந்து நாளில் முடிக்க நினைப்பவர் 90ல்தான் போவார்.

2023 ஆகஸ்ட் 13

நடைகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை. வண்டி வண்டி என்றே எல்லோரும் கேட்கிறீர்கள்!

ஆர்மிஸ்டன் பவுண்ட் சுற்று சுமார் 9 கிலோமீட்டர். மலைகள் சுற்றி வேலி போட்ட மாதிரி ஒரு பெரிய வட்டமான சமவெளிக்குள் இறங்கி, அதைக் குறுக்கே கடந்து, கடைசியில் செங்குத்தான சிவப்புப் பாறைகளுக்கு நடுவில் ஆற்றுப்படுகை வழியாக வெளியே வருவீர்கள். நாங்கள் போனபோது ஓரிடத்தில் முழங்கால் தண்ணீர். ஜூலைத் தண்ணீர் எலும்பைக் குத்தும். காலையில் அந்தப் பாறைகளில் கருங்கால் வாலபிகள் (சின்ன கங்காரு மாதிரி) வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அசையாமல் நின்றால் அவையும் அசையாது. சின்னவள் ஒன்பது வயது, அவள் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த இருபது நிமிடம்தான்.

சாண்டர் மலையை இந்தப் பகுதிப் பழங்குடியினரான மேற்கு அரண்டா மக்கள் ர்வெத்யெப்மெ என்கிறார்கள். 1,380 மீட்டர். ரெட்பேங்க் பள்ளத்தாக்கிலிருந்து போய்த் திரும்ப 16 கிலோமீட்டர். 220 கிலோமீட்டருக்கு மேல் போகும் லாராபிண்டா நடைபாதையின் கடைசிப் பகுதி இது. தொலைவிலிருந்து பார்த்தால் மல்லாந்து படுத்திருக்கும் பெண். நானும் பெரியவளும் இரவு இரண்டரை மணிக்கு நெற்றி விளக்கோடு கிளம்பினோம். மேலே போய்ச் சேர்ந்தபோது காற்றில் நிற்க முடியவில்லை, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துவிட்டது. வெளிச்சம் வந்ததும் கிழக்கே மலைத்தொடர் முழுவதும் வரிவரியாகச் சிவந்தது. பதின்மூன்று வயதுப் பெண் என்னிடம் கேட்காமலேயே என் தோளில் சாய்ந்துகொண்டாள். வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

சின்னப் பையன்களை அந்த நேரத்துக்கு எழுப்பாதீர்கள். பகலில் போகலாம், தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர்.

2023 ஆகஸ்ட் 14

குளிர் பற்றி: பாலைவனம்தானே என்று போர்வை எடுக்காமல் வருபவர்களைப் பார்த்தேன். ஜூலையில் பகல் இதமாக இருக்கும், இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஆர்மிஸ்டனில் காலையில் பாத்திரத்தில் ஊறப்போட்ட தண்ணீர் மேல் ஐஸ் தட்டியிருந்தது. அத்தைக்கு வண்டிக்குள்ளேயே படுக்கை போட்டோம்.

கூடாரத்தை ஆற்றங்கரைப் பெரிய யூகலிப்டஸ் மரத்தடியில் போடாதீர்கள். நிழல் நன்றாகத்தான் இருக்கும். அந்த மரங்கள் காற்றே இல்லாத நாளிலும் பெரிய கிளையை முறித்துப் போடும்.

2023 ஆகஸ்ட் 19

பாம் வேலி. இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சுற்றிலும் வறண்ட சிவப்புப் பாறை, முள்முள்ளான ஸ்பினிஃபெக்ஸ் புல். நடுவில் ஒரு பள்ளத்தாக்கு முழுக்க விசிறி ஓலைப் பனைகள். லிவிஸ்டோனா மரியே என்று பெயர். உலகத்திலேயே ஃபிங்க் ஆற்றுப் பகுதியில் மட்டும்தான் இயற்கையாக இருக்கிறது. ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி ஈரமாக, காடாக இருந்ததாம். அந்தக் காடு காய்ந்து போக, பாறைக் கசிவு இருந்த இந்த ஓர் இடத்தில் மட்டும் மிச்சமாக நின்றவை இவை. இப்படித்தான் நான் எடுத்துப்போன பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்தது.

அத்தைக்கு உடன்குடி. பனங்காட்டுக்குள் பிறந்து வளர்ந்தவர். சின்ன சுற்றான இரண்டு கிலோமீட்டர் நடையில் கைத்தடியோடு வந்தார். ஓலையை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நம்ம பனை இல்ல, ஆனா பனைக்குச் சொந்தக்காரப் புள்ளதான்" என்றார். அப்புறம், "யாரோ கொட்டை போட்டிருக்காவ. பனை தானா இம்புட்டு தூரம் நடந்து வராது" என்றார். நான் புத்தகத்தில் இருந்ததைச் சொல்லி, "இல்ல அத்தை, லட்சக்கணக்கான வருஷமா இங்கேயே இருக்கு" என்று விளக்கினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்றுகள் பாதையோரத்திலேயே முளைத்து நிற்கின்றன. புல் என்று நினைத்து மிதித்துவிடாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 27, இரவு

19ஆம் தேதி எழுதியதில் பெரிய திருத்தம்.

மகளின் பள்ளிக் கட்டுரைக்காகத் தேடிக்கொண்டிருந்தோம். புத்தகத்தில் இருந்தது பழைய கருத்து. 2012இல் டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் போமனும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தப் பனைகளின் மரபணுவை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். வடக்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி மட்டரங்காப் பக்கம் இருக்கும் பனையும் இதுவும் பிரிந்து சுமார் 15,000 வருடம்தான் ஆகிறது. பழைய காடு காய்ந்து மிஞ்சியதாக இருந்தால் பிரிவு மிக மிகப் பழையதாக இருக்க வேண்டும். ஆகவே, மனிதர்கள்தான் விதையைக் கொண்டுவந்திருக்கலாம் என்கிறார்கள்.

இதைவிட என்னை நிறுத்தியது இன்னொன்று. ஹெர்மன்ஸ்பர்க்கில் இருந்த ஜெர்மன் பாதிரியார் கார்ல் ஸ்ட்ரேலோ 1894லேயே அங்குள்ள அரண்டா மக்கள் சொன்ன ஒரு கதையை எழுதிவைத்திருக்கிறார். வடக்கிலிருந்து வந்த தெய்வங்கள் இந்த விதைகளைக் கொண்டுவந்தார்கள் என்பதே அந்தக் கதை. மரபணு சொல்வதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாம் அதைக் கதை என்று ஒதுக்கிவிட்டோம்.

அத்தை ஊருக்குத் திரும்பிவிட்டார். இன்று காலை போன் போட்டு, "நீங்க சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு" என்றேன். "அதான் அன்னைக்கே சொன்னேன்லா. கொட்டை போடாம பனை ஏது?" என்றார். நான் அன்றைக்கு அவரிடம் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுபது வருடம் பனையைப் பார்த்தவர்.

2023 ஆகஸ்ட் 28

மெரீனி அனுமதி வாங்கிக்கொண்டு வழியில் எங்காவது கூடாரம் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ட்னோராலாவில் நான் படித்ததைச் சொல்கிறேன்.

ட்னோராலா, வரைபடத்தில் காஸ்ஸ் பிளஃப். சுமார் 14 கோடி வருடத்துக்கு முன் வானிலிருந்து ஒன்று விழுந்து உண்டாக்கிய பள்ளத்தின் நடுப்பகுதி. இன்று வட்டமாக ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு மலைச்சுவர் நிற்கிறது. மேற்கு அரண்டா மக்களின் கதை இது: பால்வீதியில் பெண்கள் நடனமாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாய் தன் குழந்தையை மரத்தொட்டிலில் கிடத்தி ஓரமாக வைத்துவிட்டு ஆடப் போனாள். தொட்டில் சரிந்து பூமியில் விழுந்தது. மண் மேலெழும்பி இந்த மலையானது. தாய் மாலை நட்சத்திரமாகவும் தந்தை விடிவெள்ளியாகவும் இன்றும் தேடுகிறார்கள்.

இதே இடத்தில் மக்கள் கொல்லப்பட்ட துயரமும் உண்டு. அதனால் அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. துக்க வீட்டில் போய்ப் பாய் விரிப்போமா?

அன்று சாயங்காலம் பாம் வேலி முகாமில் மேற்கே வெள்ளி பளீரென்று நின்றது. பெரியவள் கேட்டாள்: "அம்மா, மாலை நட்சத்திரமும் விடிவெள்ளியும் ஒரே கோள்தானே?" ஆமாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படின்னா அவங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வானத்துல இருக்கவே முடியாது" என்றாள். எனக்கு அதற்கு முன் அது தோன்றவே இல்லை. கதையைச் சொன்னவர்கள் அந்த வானத்தை எவ்வளவு காலம் பார்த்திருக்க வேண்டும்.

அமாவாசை ஒட்டிப் போனதால் வானம் அப்படி இருந்தது. விருச்சிகம் தலைக்கு நேர் மேலே. சென்னை மொட்டைமாடியில் தெற்கே பாதி உயரத்தில் பார்த்த அதே கேட்டை, அங்கே கழுத்தை முழுதாகப் பின்னால் சாய்த்தால்தான் தெரிந்தது.

2023 செப்டம்பர் 3

கழிப்பறை எப்படி என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பூங்கா முகாம்களில் குழிக் கழிப்பறை உண்டு, சுத்தமாகவே இருந்தன. நடுவழியில் என்றால் தண்ணீரிலிருந்து நூறு மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்து வாருங்கள். மண்ணில் புதைத்த காகிதம் அந்த வறட்சியில் மக்காது, காற்றில் வெளியே வந்துவிடும். ஒரு பெரிய குடை எடுத்துப் போனேன், மறைவுக்கு. நல்ல யோசனை, தாராளமாகப் பின்பற்றலாம்.

2023 செப்டம்பர் 9

போன் கிடைக்குமா என்றால், ஆலிஸ் தாண்டினால் ஹெர்மன்ஸ்பர்க், கிங்ஸ் கேன்யன் விடுதிப் பக்கம் தவிர நம்பாதீர்கள். அவசரக் குறிப்பொலிக் கருவி ஒன்று வாங்கி ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிந்துகொள்ளுங்கள், பதிவு இலவசம். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டியை விட்டு நகராதீர்கள். மேலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், நடக்கும் ஆள் தெரியமாட்டார். இதைப் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஆலிஸிலிருந்து மேற்கே கிளம்பியதும் வழியில் ஜான் ஃப்ளின் கல்லறை வரும். 1928இல் பறக்கும் மருத்துவர் சேவையைத் தொடங்கியவர். அவர் கல்லறைமேல் முதலில் வைத்த பெரிய உருண்டைப் பாறை, வேறொரு பழங்குடி மக்களின் புனித இடத்திலிருந்து கேட்காமல் எடுத்துவந்தது. 1999இல் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பதிலாக அரண்டா மக்கள் தங்கள் நிலத்திலிருந்து வேறொரு பாறையைக் கொடுத்தார்கள். இப்போது இருப்பது அதுதான். பத்து நிமிடம் இறங்கிப் பாருங்கள்.

2023 செப்டம்பர் 10

வாடகை வண்டியில் போகலாமா என்று கேட்டவருக்கு: எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஃபோர் வீல் டிரைவ் என்ற பெயரில்தான் வாடகைக்கு எடுத்தார்கள். மண் சாலையில் ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று ஒப்பந்தத்தில் எங்கோ இருந்திருக்கிறது. கண்ணாடி உடைந்ததற்கு முழுப் பணமும் கட்டினார்கள். மெரீனி, பாம் வேலி என்று பெயர் சொல்லி, போகலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2023 செப்டம்பர் 24

முதல் கேள்வி கேட்டவர் நாள் கணக்கை எட்டாக மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. சாண்டர் மலையை விட்டுவிட்டு ஆர்மிஸ்டன் இரண்டு இரவு, பாம் வேலி மூன்று, கிங்ஸ் கேன்யன் இரண்டு. நான் இருந்தாலும் அப்படித்தான் பிரிப்பேன். முன்பு ஒன்பது போதவில்லை என்றேன், சின்னப் பையன்களோடு எட்டு சரிதான்.

கிங்ஸ் கேன்யனில் விளிம்பு நடை ஆறு கிலோமீட்டர், ஆரம்பத்திலேயே செங்குத்தான படி ஏற்றம். அம்மாவுக்கு வேண்டாம். கீழே ஓடையோர நடை இருக்கிறது, அத்தை அதில்தான் போனார். நீங்களும் மனைவியும் ஒரே நாளில் மேலே போக நினைக்காமல் ஆளுக்கு ஒரு நாள் காலைப்பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்குவதில் இது ஒரு வசதி.

2023 செப்டம்பர் 25

டயருக்குத் திரும்பக் காற்றடிக்கும் கம்ப்ரசர் வாங்கும்போது குழாயின் நீளத்தைப் பாருங்கள். எங்களுடையது முன் சக்கரத்துக்கு எட்டியது, பின் சக்கரத்துக்கு எட்டவில்லை.